நாட்டுக்கெல்லாம் பேண்டேஜ் துணி... நம் கடையில் ஒரு சுருள் உண்டா?

 

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டிக்குப் போய்ப் பாருங்கள். தெருவுக்குத் தெரு தறிச் சத்தம் கேட்கும். காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணியும், ஆபரேஷன் தியேட்டரில் ரத்தம் ஒற்றும் காஸ் துணியும் அங்கும் சுற்றியுள்ள ஊர்களிலும்தான் நெய்யப்படுகின்றன. நாட்டின் பல மாநிலத்து ஆஸ்பத்திரிகளுக்கு அங்கிருந்து லாரி லாரியாகப் போகின்றன.

சரி, ராஜபாளையத்தில் உங்கள் கடையில் முதலுதவிப் பெட்டி இருக்கிறதா? அதில் ஒரு சுருள் பேண்டேஜ் இருக்கிறதா?

இந்தக் கேள்வியை ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு சுமார் நாற்பது சகோதரர்களிடம் கேட்டேன். 'இருக்கிறது' என்று கை தூக்கியவர்கள் மூன்று பேர். அந்த மூவரில் ஒருவர், "பெட்டி இருக்கிறது ஹஜ்ரத், உள்ளே சில்லறைக் காசு போட்டு வைத்திருக்கிறேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போகும் வழியில்தான் இது சிரிக்கிற விஷயமா என்ற எண்ணம் வந்தது.

நாட்டுக்கெல்லாம் கட்டுத்துணி நெய்து அனுப்பும் வட்டாரத்தில் வாழ்கிறோம். நமக்கு அடிபட்டால் கட்ட நம்மிடம் துணி இல்லை! இது வெறும் துணிப் பிரச்சனை இல்லை, சகோதரர்களே! நம் வட்டாரத்தின் மொத்த நிலையும் இதுதான்.

உற்பத்தி வேறு, தற்சார்பு வேறு!

"நம்ம ஊருக்கு என்ன குறை?" என்று பலர் மார்தட்டுகிறார்கள். உண்மைதான், குறை இல்லை. 1936-ல் ராஜபாளையம் மில் தொடங்கிய நாளிலிருந்து நூல் வியாபாரத்தில் நம் ஊருக்கு ஒரு பெயர் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. மேற்கே மலை, மலையடியில் மாந்தோப்பு, தென்னந்தோப்பு. வத்திராயிருப்புப் பக்கம் நெல். பிளவக்கல்லில் பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு அணைகள். ராஜபாளையத்துக்குக் குடிநீர் தர ஆறாவது மைல் நீர்த்தேக்கம்.

இவ்வளவும் இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள்! மில்லுக்கு வரும் பஞ்சில் பெரும்பகுதி குஜராத், மகாராஷ்டிரா போன்ற வெளிமாநிலங்களிலிருந்து வருகிறது. கடையில் நாம் ஊற்றிக் கொடுக்கும் பாமாயில் இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் கப்பலில் வருகிறது. 2022 ஏப்ரல் இறுதியில் இந்தோனேசிய அரசு பாமாயில் ஏற்றுமதிக்குத் தடை போட்டது. தடை நீடித்தது ஒரு மாதம்கூட இல்லை. ஆனால் எங்கோ ஒரு தீவில் போட்ட கையெழுத்துக்கு இங்கே வடை சட்டியில் விலை ஏறியதே! மறந்துவிட்டோமா?

ஒரு பொருளை அதிகமாக உற்பத்தி செய்வதால் ஓர் ஊர் தன் காலில் நிற்கிறது என்று ஆகிவிடாது. அடைமழையில் ஆற்றுப் பாலம் போய், கரண்ட் போய், கைப்பேசிக் கோபுரம் அணைந்து, லாரி வராமல் நின்றால், முதல் மூன்று நாள் வெளியாள் துணையில்லாமல் அந்த ஊர் தன் குழந்தைக்கும் முதியவருக்கும் நோயாளிக்கும் தண்ணீரும் சோறும் மருந்தும் தருமா? இதுதான் தற்சார்புக்கு உரைகல். இந்த உரைகல்லில் நம் ஊர்களை உரசிப் பார்த்தவர் யார்?

காயல்பட்டினத்தை மறந்துவிடாதீர்கள்!

"இங்கே எல்லாம் அப்படி வராது" என்று சொல்பவர்களுக்கு ஒரு கணக்கு.

நம் விருதுநகர் மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரியாக 80 சென்டிமீட்டர் அளவுதான். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பெய்த மழை 94.6 சென்டிமீட்டர்! நமக்கு ஓர் ஆண்டில் பெய்வதைவிட அதிகமாக அவர்களுக்கு ஒரே நாளில் கொட்டித் தீர்த்தது. அந்த ஊர் மக்களும் அதற்கு முந்திய நாள் வரை 'இங்கே அப்படி வராது' என்றுதான் இருந்தார்கள்.

அதே வெள்ளத்தில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்டது. சுமார் 800 பயணிகள். சுற்றிலும் தண்ணீர். தண்டவாளத்துக்கு அடியில் மண் அரித்துப் போயிருந்தது. 17-ஆம் தேதி இரவு நின்ற ரயிலிலிருந்து எல்லோரையும் மீட்டு முடிக்க 19-ஆம் தேதி ஆனது. அதுவரை அந்தப் பயணிகளுக்குச் சோறு பொங்கிப் போட்டவர்கள் யார்? ஹெலிகாப்டர் வருமுன்பே, தாங்களே வெள்ளத்தில் சிக்கியிருந்த பக்கத்துப் புதுக்குடி கிராமத்து ஏழை எளிய மக்கள் இருந்த அரிசியை அடுப்பில் ஏற்றினார்கள்! அவர்களுக்கு என் சலாம்.

நமக்கும் மலை இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மறுபக்கம் வயநாட்டில், 2024 ஜூலை 30 அதிகாலையில் முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் மண்ணுக்குள் போயின. இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அது மழை மிகுந்த பக்கம், நாம் மழை குறைந்த பக்கம். அங்கே நடந்தது அப்படியே இங்கே நடக்கும் என்று உங்களைப் பயமுறுத்த நான் வரவில்லை. ஆனால் 2015 மே மாதத்தில், கோடை வெயிலில், சதுரகிரி மலையில் திடீரென வந்த காட்டாறு பக்தர்களை அடித்துக்கொண்டு போனதே! அது நம் மாவட்டத்து மலைதானே! அய்யனார் கோவில் ஆற்றில் வெள்ளம் வந்து அக்கரையில் சிக்கியவர்களைத் தீயணைப்புத் துறையினர் கயிறு கட்டி இக்கரை சேர்த்த செய்தியைப் படிக்காத ஆண்டு எது?

அரிசி இருக்கும், தண்ணீர்?

இப்போது நம் ஊர்களின் கணக்குக்கு வருவோம். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி ராஜபாளையம் நகராட்சியில் 1,30,442 பேர். ஸ்ரீவில்லிபுத்தூரில் 75,396 பேர். இன்று கூடியிருக்குமே தவிரக் குறைந்திருக்காது.

ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 300 கிராம் அரிசி என்று வைத்தால், இரண்டு ஊருக்கும் மூன்று நாளைக்கு 185 டன். பத்து டன் லாரியில் பத்தொன்பது லோடு. ரேஷன் கிடங்கு, மண்டி, வீட்டுப் பானை எல்லாம் சேர்த்தால் இது இருக்கும். எனவே அரிசிக்காக அலற வேண்டியதில்லை.

தண்ணீர்? நிவாரணப் பணிக்கு உலக அளவில் ஏற்றுக்கொண்ட 'ஸ்பியர்' அளவுகோல், குடிக்க, சமைக்க, கழுவ என எல்லாம் சேர்த்து ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் என்கிறது. அந்தக் கணக்கில் ராஜபாளையத்துக்கு மட்டும் ஒரு நாளைக்குப் பத்தொன்பதரை லட்சம் லிட்டர். பத்தாயிரம் லிட்டர் டேங்கர் லாரி 196 நடை ஓட வேண்டும். அத்தனை லாரி எங்கே? ஓட சாலை எங்கே?

"எங்கள் வீட்டில் போர் இருக்கிறது" என்கிறீர்கள். மோட்டாரை ஓட்ட கரண்ட் வேண்டாமா? நானூறடி, ஐந்நூறடி ஆழத்தில் கிடக்கும் தண்ணீரைக் கயிறு போட்டா இறைப்பீர்கள்? நம் பாட்டனார் காலத்துக் கிணறுகளைக் குப்பை போட்டு மூடினோம். தெருமுனை அடிபம்பைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டோம். ஊர்க் கண்மாயில் கருவேல முள்ளும் கட்டட இடிபாடும் சேர விட்டோம். மாடியில் பிளாஸ்டிக் டேங்க் வைத்துவிட்டு முன்னேறிவிட்டோம் என்று நினைத்தோம்!

பள்ளிவாசலில் மட்டும் என்ன செய்தோம்? ஹவுளை மூடி, மேலே டைல்ஸ் பதித்து, வரிசையாகக் குழாய் வைத்தோம். இருபதடி நீளம், பத்தடி அகலம், மூன்றடி ஆழம் உள்ள ஒரு ஹவுள் சுமார் 17,000 லிட்டர் பிடிக்கும். மேற்சொன்ன கணக்கில் 1,100 பேருக்கு ஒரு நாள் தண்ணீர். அழகு பார்க்க அதை மூடியவர்கள், கரண்ட் போன நாளில் ஒளூச் செய்யவே தண்ணீர் இல்லாமல் நிற்கவில்லையா?

"அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்!"

இந்தப் பேச்சை இன்னும் எத்தனை நாள் பேசப் போகிறீர்கள்? அரசாங்கம் பார்க்கத்தான் வேண்டும். 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்டத்துக்கு ஓர் ஆணையம் உண்டு, அதற்குத் தலைவர் கலெக்டர். அவரவர் கடமையைக் கேட்டு வாங்குவது நம் உரிமை, அதில் விட்டுக்கொடுக்கத் தேவையில்லை.

ஆனால் ஒரு தீயணைப்பு வண்டி ஒரு நேரத்தில் ஒரு தெருவில்தான் நிற்க முடியும். 108 வண்டி பாலம் உடைந்த சாலையில் பறந்து வராது. விருதுநகரில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள், நல்லது. ராஜபாளையத்திலிருந்து அது ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். மதுரை அதைவிடத் தூரம். அவ்வளவு தூரம் போகும்வரை ரத்தத்தை நிறுத்தப் போவது யார்? பக்கத்தில் நிற்கும் நீங்கள்தான்!

இன்னொரு கூட்டம் இருக்கிறது. "எல்லாம் நாயன் நாட்டப்படி" என்று சொல்லிவிட்டுப் பாயை விரித்துப் படுக்கிற கூட்டம். ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டு வந்தவரிடம் நபி (ஸல்) அவர்கள் என்ன சொன்னார்கள் என்பது மக்தபில் ஓதும் சிறுவனுக்கும் தெரியும். வரப்போகும் பஞ்சத்துக்காக ஏழு ஆண்டு விளைச்சலைக் கதிரோடு சேமிக்கச் சொன்ன யூசுப் நபி (அலை) அவர்களுக்கு இறைநம்பிக்கை குறைவா? சோம்பலுக்குத் தவக்குல் என்று பெயர் வைக்காதீர்கள்!

சேமிப்பா? பதுக்கலா?

வியாபாரிகளே, இது உங்களுக்கு.

ஆபத்துக் காலத்துக்குச் சரக்கு இருப்பு வைக்கச் சொன்னால் உடனே சிலர் கண்ணில் லாபம் மின்னுகிறது. 2020 ஊரடங்கில் முகக்கவசத்துக்கும் சானிடைசருக்கும் விலை எப்படி எகிறியது? வெள்ளம் வந்த ஊர்களில் மெழுகுவர்த்திக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் இருமடங்கு கேட்டவர்களை மக்கள் இன்றும் மறக்கவில்லை. கிடங்கில் இருப்பது எத்தனை மூட்டை என்பதை வைத்து அதைச் சேமிப்பு என்றோ பதுக்கல் என்றோ சொல்ல முடியாது. ஊருக்கு முடை வந்த அன்று கிடங்குக் கதவு திறந்ததா, பழைய விலைக்கே கொடுத்தீர்களா என்பதுதான் கேள்வி. பதுக்கலை நம் மார்க்கம் எவ்வளவு கடுமையாகக் கண்டித்திருக்கிறது என்று வியாபாரிகளுக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை.

இன்னொன்று, கல்லாவில் ரொக்கம் வைக்கும் பழக்கமே போய்விட்டது. எல்லாம் ஜிபே. 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயின், போர்ச்சுகல் ஆகிய இரண்டு நாடுகளிலும் பட்டப்பகலில் கரண்ட் போனது. ரயில் நின்றது, சிக்னல் நின்றது, கடைகளில் கார்டு இயந்திரம் நின்றது. பையில் ரொக்கம் வைத்திருந்தவர்தான் ரொட்டி வாங்கினார். ஐரோப்பாவுக்கே அந்தக் கதி! நம்மூரில் மூன்று நாள் கைப்பேசி ஊமையானால் உங்கள் வாடிக்கையாளர் எதைக் கொடுத்துப் பால் பவுடர் வாங்குவார்? கடன் நோட்டு எழுதத் தெரிந்த ஆள் கடையில் இருக்கிறாரா?

நாலாம் நாள் தண்ணீர் வடிந்த பிறகுதான் சிறு வியாபாரிக்குப் பெரிய வெள்ளம் வரும். அதற்குப் பெயர் கந்துவட்டி! சரக்கு நனைந்த பெட்டிக்கடைக்காரர், தறியில் தண்ணீர் ஏறிய நெசவாளி, தள்ளுவண்டி போன இட்லிக்காரம்மா எல்லோரும் யாரிடம் ஓடுவார்கள்? ஒவ்வொரு ஜமாஅத்தின் பைத்துல்மாலிலும் வட்டியில்லாக் கைமாற்றுக்கென்று ஒரு தொகையை இன்றே தனியாக எடுத்து வையுங்கள். ஆபத்து வந்தபின் துண்டேந்தினால் விழுவது சில்லறைதான்.

இளைஞர்களே, ஓடுவதற்கு முன்!

உங்கள் வேகத்தை நான் அறிவேன். ரத்தம் என்றால் நள்ளிரவிலும் ஓடுகிறீர்கள். கொரோனா காலத்தில் பெற்ற பிள்ளையே தொட அஞ்சிய ஜனாஸாக்களையும், பிற சமயத்தவர் உடல்களையும் அடக்கம் செய்தவர்கள் நம் இளைஞர்கள். யாரும் மறுக்க முடியாது.

ஆனால் வேகம் மட்டும் போதாது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தது. முப்பத்தைந்து பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் பலர் ஆலைத் தொழிலாளிகளே அல்லர். புகையைப் பார்த்து உதவிக்கும் வேடிக்கைக்கும் ஓடியவர்கள், அடுத்த வெடிப்பில் போய்ச் சேர்ந்தார்கள். பயிற்சி இல்லாமல் ஓடினால் காப்பாற்றப் போனவனையும் சேர்த்துத் தூக்க வேண்டிவரும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது.

அந்த ஜும்ஆ அன்று நான் இன்னொரு சோதனையும் வைத்தேன். "கைப்பேசியைப் பார்க்காமல் உங்களுக்கு வேண்டிய மூன்று பேர் நம்பரைச் சொல்லுங்கள்" என்றேன். தன் மனைவியின் நம்பரைக்கூடச் சொல்ல முடியாமல் விழித்தவர்களே அதிகம்! "கேஸ் சிலிண்டரில் தீப்பிடித்தால் முதலில் என்ன செய்வீர்கள்?" என்றேன். "வீடியோ எடுப்போம்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கேலிதான். ஆனால் உண்மை!

அரசே 'ஆப்த மித்ரா' என்ற பெயரில் தன்னார்வலர்களுக்குப் பேரிடர்ப் பயிற்சி கொடுக்கிறது. தீயணைப்பு நிலையத்தில் போய்க் கேட்டால் தெருவுக்கே வந்து செய்து காட்டுவார்கள். முஹல்லாவுக்குப் பத்துப் பேர் பழகிக்கொள்ள என்ன தடை? இதில் சகோதரிகளுக்கும் பங்கு உண்டு. பகல் நேரத்தில் ஆண்கள் கடையில் இருப்பார்கள். வீட்டில் தீப்பிடித்தாலும் தண்ணீர் புகுந்தாலும் எதிர்கொள்ளப் போவது பெண்கள்தான். பயிற்சியை ஆண்களுக்கு மட்டும் கொடுப்பது பாதிக் கதவை மட்டும் பூட்டுவதாகும்.

ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும்!

கோடி ரூபாய்த் திட்டம் எதுவும் நான் சொல்லவில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். இரண்டு பேர் சேர்ந்து உங்கள் தெருவைச் சுற்றி வந்து எழுதுங்கள்.

தண்ணீர்: கரண்ட் இல்லாமல் தண்ணீர் எடுக்க எங்கே முடியும்? எந்த வீட்டில் கிணறு மூடாமல் இருக்கிறது? எந்த அடிபம்பைப் பழுது பார்க்கலாம்? யாரிடம் ஜெனரேட்டர் உண்டு?

சோறு: நோன்புக் கஞ்சி காய்ச்சும் பெரிய சட்டிகளும் கரண்டிகளும் எங்கே கிடக்கின்றன? ரமலானில் முப்பது நாள் ஊருக்கே கஞ்சி காய்ச்சத் தெரிந்த நமக்கு மூன்று நாள் காய்ச்சத் தெரியாதா? ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டும் விறகடுப்புகள் எத்தனை? கேஸும் கரண்டும் இல்லாத நாளில் அந்த அடுப்பும் அகன்ற சட்டியும் ஊருக்கே உலை வைக்கும்.

மருந்து: இன்சுலின் போடுபவர், டயாலிசிஸ் செய்பவர், நிறைமாதக் கர்ப்பிணி, படுக்கையில் கிடக்கும் முதியவர் யார் யார், எந்த வீட்டில்? இந்தப் பக்கத்தை ஊர்முழுக்கக் காட்டாமல் பொறுப்பான ஒருவரிடம் வையுங்கள்.

ஆட்கள்: நர்ஸ், எலெக்ட்ரீஷியன், டிரைவர், நீந்தத் தெரிந்தவர், டிராக்டர் வைத்திருப்பவர், ரத்த வகை.

இடம்: மழை நாளில் தண்ணீர் நிற்காத மேடு எது? பள்ளிவாசல் மாடி, மதரஸா வகுப்பறை, கல்யாண மண்டபம் எத்தனை பேரைத் தாங்கும்? சாவி யாரிடம்?

கடைசிப் பக்கத்தில் 108, 101, மாவட்டப் பேரிடர் உதவிக்கு 1077 ஆகிய எண்களை எழுதுங்கள். நோட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஒரு பிரதியைப் பள்ளிவாசலிலும் ஒரு பிரதியை நகராட்சியிலும் கொடுங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை சரிபாருங்கள். அவ்வளவுதான்!

நமக்கு மட்டுமா?

"நம் முஹல்லாவுக்குச் செய்தால் போதாதா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வெள்ளம் தெருப் பெயரைப் படித்துவிட்டு உள்ளே வருவதில்லை. இந்த இரண்டு ஊரிலும் நாம் எண்ணிக்கையில் சிறியவர்கள். நமக்கென்று தனிக் கண்மாயோ தனி ஆறோ இல்லை. 2004 சுனாமியில் பரங்கிப்பேட்டை ஜமாஅத்தினர் கடற்கரை மீனவ மக்களுக்கு இடம் கொடுத்துச் சோறு போட்டார்கள். சாதியோ மதமோ கேட்கவில்லை. அதை அந்த மீனவக் குடும்பங்கள் இன்றும் சொல்கின்றன.

1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த பி.எஸ்.குமாரசாமி ராஜா நம் ராஜபாளையத்துக்காரர். தான் வாழ்ந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்காக ஊருக்கு எழுதிக் கொடுத்தவர். வீட்டையே கொடுத்த மனிதரின் ஊரில், ஒரு கிணற்று மூடியைத் திறந்துவிட நமக்கு மனம் வராதா?

மில் விடுதிகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து வேலை பார்க்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இங்கே மாமன் மச்சான் கிடையாது, ரேஷன் கார்டு கிடையாது. உங்கள் நோட்டில் அவர்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

சகோதரர்களே! ஐப்பசி மழைக்கு முன் இதைச் செய்து முடிக்கலாம். இன்று இஷாவுக்குப் பிறகு பத்து நிமிடம் உட்கார்ந்து தொடங்கலாம். முதல் வேலையாக, நாளை காலை கடை திறந்ததும் அந்த முதலுதவிப் பெட்டியிலிருந்து சில்லறைக் காசை எடுத்துவிட்டு, சத்திரப்பட்டித் துணியில் ஒரு சுருள் வாங்கி உள்ளே வையுங்கள்.

நம் கையால் நெய்தது நம் காயத்துக்கும் உதவட்டும், அண்டை வீட்டார் காயத்துக்கும் உதவட்டும். வல்ல நாயன் நம் முயற்சியில் பரக்கத் செய்வானாக!